கப்பல் மணியும் வீட்டுப் பரணும்

பழம்பொருள்கள் தாமாகப் பேசுவதில்லை. அவற்றைப் போற்றி வைத்திருப்பவர் எந்த மொழியில் பேசச் சொல்கிறாரோ, அந்த மொழியிலேயே பேசுகின்றன. ஐரோப்பியர் கடல்வழி கண்ட வரலாற்றை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை தெற்றென விளங்கும். 1616 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் டிர்க் ஹார்ட்டோக் என்னும் ஒல்லாந்து மீகாமன் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையையொட்டிய தீவொன்றில் இறங்கினான். சாதாரண உணவுத் தட்டு ஒன்றைத் தட்டையாக அடித்து, தான் வந்த செய்தியைப் பொறித்துக் கம்பத்தில் அறைந்துவிட்டுச் சென்றான். எண்பத்தோராண்டு கழித்து, 1697 இல், அங்குச் சென்ற விளமிங் என்னும் மற்றோர் ஒல்லாந்து மாலுமி பழைய தட்டை எடுத்துக்கொண்டு புதிய தட்டொன்றை அவ்விடத்தில் நட்டான். நெளிந்து தேய்ந்த அந்தப் பழந்தட்டு இன்று ஆம்ஸ்டர்டாம் நகரின் அரசு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வீற்றிருக்கிறது. ஓர் உணவுத் தட்டுக்கு இத்தனை மதிப்பா என்று வியப்பவர் உண்டு. தட்டுக்கன்று மதிப்பு, அதில் பொறித்த பெயருக்கும் நாளுக்குமே மதிப்பு.

நம்மவர் கடலோடியதற்குச் சான்றாக இத்தகைய பொருள் ஏதேனும் உண்டா? உண்டு. அது நம் நாட்டில் இல்லை. நியூசிலாந்து நாட்டின் தலைநகராகிய வெல்லிங்டனில், தே பாப்பா என்னும் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘தமிழ் மணி’ என்றே உலக ஆய்வாளர் அதனை அழைக்கின்றனர். அம்மணியைப் பற்றி நம் மேடைகளில் கூறப்படுவன யாவை, கூறத்தக்கன யாவை, அதன்பொருட்டு நாம் செய்யத்தக்கன யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணி கிடைத்த வரலாறு

வில்லியம் கொலென்சோ என்பவர் கிறித்தவச் சமயத் தொண்டர், தொழிலால் அச்சாளர். 1834 ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்று அச்சுக்கூடம் நிறுவியவர். மவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837 இல் அச்சிட்டு முடித்தவர் அவரே. அவர் 1836 ஆம் ஆண்டை ஒட்டி வட தீவின் வங்காரை வட்டாரத்தில் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரம் ஒன்றைக் கண்டார். உற்று நோக்கியபோது அது பாத்திரமன்று, விளிம்புடைந்த வெண்கல மணியின் மேற்பகுதி என்பது தெரிந்தது. பதின்மூன்று சென்டிமீட்டர் அளவே கொண்ட அச்சிறு பொருளைச் சுற்றி எழுத்துகள் ஓடின. பெருங்காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் அது கிடைத்ததென்றும், பல தலைமுறைகளாகத் தம்மிடம் உள்ளதென்றும் அம்மக்கள் கூறினர். கொலென்சோ அதற்கு ஈடாக இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து மணியைப் பெற்றுக்கொண்டார் என்பர். 1899 இல் அவர் மறைந்தபின் அது நாட்டின் அருங்காட்சியகத்துக்கு உரிமையாயிற்று.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தையே தொழிலாகக் கொண்ட அச்சாளரின் கையில் அம்மணி கிடைத்தது. ஆயினும் அவ்வெழுத்து எம்மொழிக்குரியது என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் அதனைக் கண்டெடுத்ததற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1578 இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலாக அச்சேறிவிட்ட மொழிதான் அது. தமிழறிந்தார் கண்ணில் அவ்வெழுத்துகள் பட்ட பின்னரே, ‘முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி’ என்று அது வாய்திறந்து பேசியது.

பெயர் கூறும் செய்தி

தமிழ் பயில்வார்க்கு அப்பெயரே ஒரு பாடமாகும். ‘முஹ்யித்தீன்’ என்பது அரபுச் சொல். மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்பது அதன் பொருள். பக்தாது நகரில் அடங்கியுள்ள அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர் அது. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே காதிரிய்யா நெறி எத்துணை வேரூன்றியிருந்தது என்பதை முகையதீன், முகைதீன், மொய்தீன் என்று இன்றும் வழங்கும் பெயர்களே காட்டும். ‘பக்ஷ்’ என்பது பாரசீகச் சொல்; கொடை என்பது பொருள். இவ்விரு சொல்லும் தமிழ் நாவுக்கும் தமிழ் எழுத்துக்கும் இயைந்து ‘முகையதீன் வக்குசு’ என நிற்கின்றன. பிறமொழி ஒலியை நீக்கித் தமிழ் ஒலியோடு பொருந்தச் சொல்லை ஆக்கிக்கொள்ளும் நெறியைத் தொல்காப்பியர் வடசொல்லுக்கு வகுத்தார். அந்நெறியை அரபுக்கும் பாரசீகத்துக்கும் உரியதாக்கினார் பெயரறியப்படாத கன்னார் ஒருவர், வெண்கலத்தின்மீது.

அரபுப் பெயர், பாரசீக ஒட்டு, தமிழ் எழுத்து, தமிழ்த் தொடர். இவை ஒன்றையொன்று தள்ளாமல் ஒரு சாண் வெண்கலத்தில் அமைந்துள்ளன. தம் கப்பலின் உரிமையைப் பொறிக்க நினைத்த அப்பெருமகன் தமிழெழுத்தையே தெரிந்துகொண்டார். ஏனெனில் கப்பலிலிருந்தோர் படிக்கும் மொழி அது. அவர் வீட்டின் மொழியும் அதுவே. தமிழ் முஸ்லிம்களின் மொழிப்பற்றுக்கு யாரேனும் சான்று வினவுவார்களாயின், சொற்பொழிவு வேண்டா. இம்மணி ஒன்றே போதும்.

பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய துறைகளில் மரக்கலம் செலுத்தி வாழ்ந்த மரக்காயர் குடிகளை நாம் அறிவோம். உமறுப் புலவரைப் புரந்த சீதக்காதி வள்ளல் கீழக்கரையின் கப்பல் வணிகர். அவருக்குப்பின் சீறாப்புராணம் நிறைவுற உதவிய அபுல் காசிம் மரக்காயர் பரங்கிப்பேட்டையினர். ஆகவே இசுலாமியத் தமிழிலக்கியத்தின் தலையாய காப்பியம் கடல் வணிகத்தின் செல்வத்தில் வளர்ந்தது என்பது மிகையன்று. செத்தும் கொடுத்தவரைப் பழமொழியால் நினைவில் வைத்த நாம், அவர்தம் கப்பல்களை நினைவில் வைக்கத் தவறினோம்.

பெருமிதமும் மெய்ம்மையும்

இனி, கசப்பாயினும் கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இம்மணியைப் பற்றி நம் விழா மேடைகளில் முழங்குவோர், ‘கேப்டன் குக்குக்கு முன்னரே நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழன், இதோ சான்று’ என்கின்றனர். அவையோர் கைதட்டுகின்றனர். மாணவரும் அதனையே கட்டுரைப் போட்டியில் எழுதுகின்றனர். இக்கூற்று நிற்குமா என்று ஆராய்வது தமிழ்த்துறையின் கடமை.

முதலாவது, ஒரு பொருள் ஓரிடத்தில் கிடைப்பது வேறு. அப்பொருளுக்குரியவர் அவ்விடம் சென்றது வேறு. நம் மண்ணில் உரோமானியக் காசுகள் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு உரோமப் பேரரசர் கோயம்புத்தூர் வந்தார் என்று எவரும் கூறுவதில்லை. மணி கைமாறிச் சென்றிருக்கலாம்; வேற்றுநாட்டார் கப்பலில் சென்றிருக்கலாம்; மாலுமிகளை இழந்த கப்பல் நீரோட்டத்தால் இழுக்கப்பட்டுக் கரையொதுங்கியிருக்கலாம். இவை யாவும் ஆய்வாளர் எண்ணிப் பார்த்தவை. ஒன்றும் முற்றாக நிறுவப்படவில்லை.

இரண்டாவது, மணியின் காலம். எழுத்தமைதி கொண்டு ஐந்நூறாண்டுத் தொன்மை உடையது என்றார் சிலர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டினது என்றார் பிறர். இவ்விரு கருத்துக்கும் இடையே இருநூறு ஆண்டு இடைவெளி உள்ளது. அவ்விடைவெளிக்குள் எத்தனையோ கப்பல்கள் தென்கடலில் ஓடின.

மூன்றாவது, அதில் வெந்த உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு நியூசிலாந்தின் பயிரன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்தபின்னரே அங்குப் பரவியது. ஆகவே கொலென்சோ கண்ட காட்சி மணியின் பிற்கால வாழ்க்கையை மட்டுமே காட்டும். அது எப்போது வந்தது என்பதைக் காட்டாது.

நான்காவது, யாவற்றினும் தலையாயது. நியூசிலாந்தை எவர் ‘கண்டுபிடித்தார்’ என்று வினவுவதே பிழை. ஒல்லாந்தராகிய ஆபெல் டாஸ்மன் 1642 இல் அக்கரையைக் கண்டபோது அங்கு மக்கள் வாழ்ந்தனர். குக் 1769 இல் இறங்கியபோதும் வாழ்ந்தனர். கடல்கடந்து சென்று அத்தீவுகளில் முதலில் குடியேறியோர் மவோரியரின் முன்னோரே. ‘ஐரோப்பியன் கண்டுபிடித்தான்’ என்னும் கூற்றை மறுக்க எழுந்த நாம், ‘ஐரோப்பியன்’ என்ற சொல்லை நீக்கித் ‘தமிழன்’ என்ற சொல்லை அவ்விடத்தில் வைப்போமாயின், பிழையை நீக்கினோம் அல்லோம். பிழைக்கு உரிமை கொண்டாடினோம் ஆவோம்.

‘இளைஞர்க்கு ஊக்கம் தரும் செய்தியை ஏன் குறைக்கிறீர்?’ என்று பெரியோர் சிலர் வினவுவர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் பொய்க்காலில் நின்று பெறும் உயரம் எவ்வளவு நேரம் நிலைக்கும்? வெளியூர் அறிஞர் ஒருவர் ஒரே ஒரு வினா எழுப்பினால் அப்பெருமிதம் சரிந்துவிடும். சரியும்போது உண்மையான பெருமையையும் உடன் இழுத்துச் செல்லும். அந்த உண்மையான பெருமை சிறியதன்று: தமிழ் முஸ்லிம் ஒருவர் கப்பல் உடையவராக இருந்தார், தம் உடைமையைத் தமிழில் பொறித்தார், அவர் மணியின் ஓசை, அவர் அறியாத கடல்களையும் எட்டியது. இதற்குமேல் ஏன் கூட்டிச் சொல்லவேண்டும்?

எம் திருத்தணி வட்டாரத்தார் இதனை எளிதில் உணர்வர். தணிகைமலை இன்று தமிழ்நாட்டில் இருப்பது ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. படாஸ்கர் வகுத்த நெறிப்படி, எந்த ஊரில் எம்மொழி பேசுவோர் எத்துணைப் பேர் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்ததன் விளைவாகவே 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. முழக்கம் வழியைத் திறந்தது. கணக்கே ஊரைக் கொண்டுவந்து சேர்த்தது. வரலாற்றிலும் அப்படியே.

நங்கூரம் உரைக்கும் கதை

தே பாப்பா அருங்காட்சியகத்தில் நமக்கு உறவுடைய பொருள் வேறொன்றும் உண்டு. பிரெஞ்சு மீகாமன் தெ சூர்வில் என்பான் ‘செயின் ழான் பத்தீஸ்து’ என்னும் கப்பலில் 1769 ஆம் ஆண்டு புதுச்சேரியிலிருந்து புறப்பட்டான். அக்கப்பலில் இந்திய லஸ்கர் மாலுமிகளும் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடி வளைகுடா ஒன்றை அடைந்தபோது, வைட்டமின் குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பலர் இரையாகியிருந்தனர். மவோரியர் கீரையும் மீனும் தந்தனர். பின்னர்ப் புயல் வீசியது. நங்கூரங்கள் கடலடியில் தங்கிவிட்டன. காணாமற்போன படகொன்றை மவோரியர் கவர்ந்தனர் என்று சினந்த தெ சூர்வில், குடிசைகளுக்குத் தீயிட்டு, ரங்கினுயி என்னும் தலைவரைச் சிறைபிடித்துச் சென்றான். அத்தலைவர் 1770 மார்ச்சில் நடுக்கடலில் மாண்டார். ஏறத்தாழ இரு கிழமை கழித்துப் பெரு நாட்டுக் கரையருகே தெ சூர்வில்லும் நீரில் மூழ்கி இறந்தான்.

இருநூறு ஆண்டுகளுக்குப்பின், 1974 இல், கெல்லி டார்ல்டன் என்னும் மூழ்காளர் அந்நங்கூரங்களைக் கண்டறிந்தார். ஒன்று வெல்லிங்டனிலும், மற்றொன்று வடபுலத்துக் கைதாயா நகரிலும் காட்சிக்கு உள்ளன. நியூசிலாந்தில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற மிகப் பழைய பொருள்கள் அவை என்பர். அவை நம் கரையிலிருந்து புறப்பட்ட கப்பலின் நங்கூரங்கள். அவற்றை இறக்கிய கைகளுள் இந்தியக் கைகளும் இருந்திருக்கும். நியூசிலாந்து மண்ணை மிதித்த முதல் இந்தியர் இக்கப்பலின் லஸ்கர்களே என வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். மீகாமன் பெயரை நூல்கள் கூறுகின்றன; சிறைப்பட்ட தலைவர் பெயரையும் கூறுகின்றன. பாய்மரக் கயிறு இழுத்தவர் பெயரை எத்தனை பேர் தேடினர்?

அந்நாட்டில் ‘கோரமண்டல்’ என்று ஒரு தீபகற்பமே உண்டு. 1820 இல் மரம் ஏற்ற வந்த ஆங்கிலக் கப்பலின் பெயரால் அமைந்தது அது. கப்பலுக்கு அப்பெயர் நம் கிழக்குக் கரையால் வந்தது. கரைக்கு அப்பெயர் சோழமண்டலத்தால் வந்தது. சோழர் பெயர் இப்படியும் கடல் கடந்திருக்கிறது, சோழர் படையெடுப்பு எதுவும் இன்றியே.

இரண்டு மணிகள்

ஓமான் நாட்டுக் கடலில் 1998 இல் இடம் காணப்பட்டு, 2013 முதல் 2015 வரை அகழப்பெற்ற கப்பற் சிதைவு ஒன்றைப் பற்றி 2016 இல் உலகெங்கும் செய்தி வெளியாயிற்று. வாஸ்கோ ட காமாவின் இரண்டாம் பயணப் படையைச் சேர்ந்த ‘எஸ்மரால்டா’ எனக் கருதப்படும் கப்பல் அது. காமாவின் தாய்மாமன் விசென்டி சொத்ரே அதன் தலைவன். மலையாளக் கரையைக் காக்கவேண்டியவன் அக்காவலை விட்டு, அராபியக் கப்பல்களைக் கொள்ளையிடச் சென்றான். பெருங்காற்று வரப்போகிறது என்று உள்ளூர் மக்கள் எச்சரித்தும் கேளாமல் நங்கூரமிட்டுக் கிடந்து, 1503 மே மாதம் கப்பலோடு மாண்டான். அச்சிதைவில் இந்திய வணிகத்துக்கென வார்க்கப்பட்ட அரிய வெள்ளிக் காசும், உலகின் மிகப் பழைய கடலோடிகளின் அஸ்திரோலேபு எனப் பின்னர் ஏற்கப்பெற்ற தகடும், 1498 ஆம் ஆண்டினது எனக் கணிக்கப்பட்ட வெண்கல மணியும் கிடைத்தன. நாளிதழ்கள் அம்மணியின் படத்தை வெளியிட்டு வியந்தன.

வியப்பு முறையே. ஆயினும் அதே படை, அதே பயணத்தில், 1502 ஆம் ஆண்டு செய்ததொன்றை மறத்தல் முறையன்று. மக்காவிலிருந்து திரும்பிய ‘மீரி’ என்னும் கப்பலை மலையாளக் கரையருகே மறித்து, செல்வத்தைக் கவர்ந்து, பெண்டிரும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேரோடு அதனை எரித்தான் காமா. போர்த்துகீசிய எழுத்தாளரே இதனைப் பதிந்து வைத்துள்ளனர். எரித்தவர் பக்கத்து மணி அருங்காட்சியகப் பொருளாயிற்று. எரிந்த கப்பலின் மணி எக்கடலடியில் கிடக்கிறதோ, எவரும் தேடவில்லை.

முதற் சந்திப்பின் பொருள்கள் என்று உலகம் போற்றுவனவற்றுள் பெரும்பாலானவை ஒரு பக்கத்தார் பொருள்கள். 1498 இல் காமா கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கெனக் கொண்டுவந்த காணிக்கை யாது? சில துணித் துண்டுகள், தொப்பிகள், பவழச் சரங்கள், கைகழுவும் கிண்ணங்கள், சருக்கரை, எண்ணெய், தேன். அதனைக் கண்ட அரண்மனை அலுவலர் நகைத்தனர்; மக்கத்து ஏழை வணிகன்கூட இதனினும் மிகுதியாகத் தருவான் என்றனர். அச்சிரிப்பையும் போர்த்துகீசியர் குறிப்புத்தான் நமக்குச் சொல்கிறது. சிரித்தவர் எழுதி வைத்த ஏடு நம் கைக்கு வரவில்லை. இதுவே நான் வற்புறுத்த விரும்பும் குறை.

மும்மொழிக் கல்

வேறுவகைச் சந்திப்பும் உலகில் நடந்ததுண்டு. 1911 இல் இலங்கையின் காலி நகரில் கல்வெட்டொன்று கிடைத்தது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டு நாளிட்டுக் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இசுலாம் நெறிக்கும் வழங்கிய காணிக்கைகளைக் கூறுகின்றன. அளிக்கப்பட்ட பொருள்கள் ஏறத்தாழ ஒரே அளவின. செங் ஹோ முஸ்லிம் குடியில் பிறந்தவர். அவர் படையும் இலங்கையில் போர் செய்ததுண்டு. அவரை அப்பழுக்கற்றவர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் தாம் வந்த நாட்டில் வழங்கும் மொழியில் எழுதவேண்டும் என்ற எண்ணம் அக்கல்லில் உள்ளது. இந்துமாக்கடல் வணிகத்தில் தமிழ் பெற்றிருந்த இடத்துக்கு அதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் கடற்கரை

வெல்லிங்டனும் கொழும்பும் தொலைவில் உள்ளன. நம் மாவட்டத்திலேயே பழவேற்காடு உள்ளது. சந்திரகிரி, வேலூர்ப் பகுதிகளிலிருந்து ஆண்ட விசயநகர வேந்தர் இரண்டாம் வேங்கடரின் இசைவைப் பெற்று 1610 இல் ஒல்லாந்தர் அங்கு நிலைகொண்டனர். 1613 இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். ஹார்ட்டோக் தட்டை நட்ட அதே கும்பினி, அதற்கு மூன்றாண்டு முன்னர்! சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாக 1690 வரை விளங்கியது அவ்வூர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டத்தின் கற்களோ தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. அவற்றின் சிற்பமும் எழுத்தும் கண்ணைக் கவர்வன. இறந்த ஒல்லாந்தரின் பெயரும் குடியும் அக்கற்களில் தெளிவாக உள. அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்ட நம் மக்களின் பெயர் தாங்கிய கல் ஒன்றுமில்லை.

அவ்வூரிலிருந்து சென்ற துணியின் பெயர் மட்டும் அழியவில்லை. மலாய் மக்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ என்று அழைக்கின்றனர். ‘புலிக்காட்’ என்று ஐரோப்பியர் திரித்த பழவேற்காட்டின் பெயரே அது. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி துறைமுகம் சென்று கப்பலேறியது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கங்களில் தறியோசை கேட்டு வளர்ந்த மாணவர் இந்நூற்கண்டின் ஒரு முனையைத் தம் ஊரில் காணலாம். மறுமுனை மலாய் நாட்டுப் பள்ளிவாசலில் தொழுவோர் இடுப்பில் உள்ளது.

செய்யத்தக்கன

மணியைத் திருப்பித் தருக என்று கேட்பவர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதனைக் கவர்ந்து சென்றார் எவருமில்லை. மரவேரடியில் எடுத்து, தலைமுறை தலைமுறையாக அதில் உணவு சமைத்த மவோரிக் குடிகளுக்கும் அம்மணிமீது உரிமை உண்டு. முகையதீன் வக்குசுவின் மணி என்பது அதன் முதற்பிறப்பு. மவோரி அடுப்பின் பாத்திரம் என்பது அதன் மறுபிறப்பு. இரண்டையும் ஒருங்கே சொல்லும் கட்டுரையே முழுமையான கட்டுரை.

நாம் கேட்கவேண்டியது மணியையன்று. கேட்கவேண்டியவரும் வெல்லிங்டனார் அல்லர். கேள்வி நம் வீட்டுப் பரணை நோக்கியது. கடற்கரையூர் இல்லங்களில் கப்பல் கணக்கேடுகள், பங்குப் பத்திரங்கள், அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள், கிதாபுகள், பித்தளைத் திசைகாட்டிகள், பெயர் பொறித்த செம்புகள் இருந்தன. இன்னும் சில உள. வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவை பழந்தாள் கடைக்கும் பாத்திரக்கடைக்கும் எடைபோட்டுச் செல்கின்றன. எத்தனை முகையதீன் வக்குசுகளின் பெயர் இவ்வாறு உருகிக் குத்துவிளக்காகவும் குழாயாகவும் மாறிற்றோ! கன்னார் உலையில் உருகாமல் ஒரு பெயர் தப்பியது என்றால், அது கடலுக்கு அப்பால் ஓர் அடுப்பின்மேல் இருந்ததால் தப்பியது. இதனைவிட நம்மைத் தலைகுனியச் செய்யும் செய்தி வேறுண்டோ?

ஆகவே மூன்று செயல்களை இம்மலரின் வாயிலாக முன்வைக்கிறேன்.

ஒன்று, தமிழ்த்துறையில் அரபுத் தமிழ் எழுத்தைப் படிக்கப் பயிற்சி வகுப்பு வேண்டும். மதரசாவில் பயின்ற மாணவர்க்கு எழுத்துத் தெரியும். தமிழ் பயின்ற மாணவர்க்குச் சொல் தெரியும். இருவரையும் ஒரே பலகையில் அமர்த்தினால் பாதி வேலை முடிந்தது. முஸ்லிம் அல்லாத மாணவரும் இதில் சேரவேண்டும். அவ்வேடுகளில் உள்ளது தமிழே ஆகலின் அது அவர்களுக்கும் உரிய சொத்து.

இரண்டு, பொருள்களைப் பறித்துச் சேர்க்கவேண்டா, பட்டியலிட்டால் போதும். மாணவர் விடுமுறையில் ஊர் செல்லும்போது தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உள்ள பழம்பொருள்களைப் படமெடுத்து, அளவு, எழுத்து, உடையவர், எவ்வாறு வந்தது என்னும் நான்கையும் எழுதிவரட்டும். பொருள் உடையவரிடமே இருக்கட்டும். செய்தி துறையில் இருக்கட்டும். கையிலுள்ள தொலைபேசியே இன்று படக்கருவியாகிவிட்ட நிலையில் இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம்.

மூன்று, ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் கப்பற் பாட்டுகள், கடல் வணிகச் சொற்கள், துறைமுக ஊர்ப் பெயர்கள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். காப்பியங்களில் உவமை எண்ணும் ஆய்வுகள் போதிய அளவு வந்துவிட்டன. பாய், கயிறு, காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கு நம் மாலுமிகள் வழங்கிய சொற்களை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அகராதியில் ஏறாத சொல் அவரோடு மண்ணுக்குள் செல்கிறது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பள்ளிவாசல் கட்டவும் பாடசாலை நடத்தவும் வாரி வழங்கும் கரங்கள் உங்களுடையவை. பரணில் கிடக்கும் பழைய பெட்டியைக் கழிக்கும் முன் ஒருமுறை கல்லூரிக்குச் சொல்லியனுப்புங்கள். அதில் ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆயினும் ஒரு பெயர் இருக்கலாம். தமிழில் எழுதிய ஒரு வரி இருக்கலாம். அதனைப் படித்துச் சொல்ல எங்கள் மாணவர் ஆயத்தமாக இருப்பர். அதற்குரிய பயிற்சியை அளிப்பது எங்கள் பொறுப்பு. தன் பெயரைத் தமிழில் பொறித்துக் கடலுக்கு அனுப்பிய பெருமகனுக்கு, அவர் எழுத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறையை விட்டுச் செல்வதே நாம் செலுத்தத்தக்க நன்றியாகும்.